நீதிமன்றக் கூரையில் ஒன்பதின்மர்

நியூயார்க்கு மாநகரில் மாடிசன் சதுக்கம் என்றொரு பூங்கா உண்டு. அதன் கிழக்கு எல்லையாக ஓடுவது மாடிசன் நெடுஞ்சாலை. அச்சாலையும் 25ஆம் தெருவும் கூடும் மூலையில், வானளாவிய மாளிகைகளுக்கு நடுவே, மூன்றே அடுக்குடைய வெண்ணிறக் கட்டடம் ஒன்று அமைந்திருக்கிறது. எதிரே சிறிது தொலைவில் 1909இல் எழும்பிய 700 அடிக் கோபுரம். நான்கு ஆண்டுக் காலம் உலகிலேயே உயர்ந்த கட்டடம் என்று பெயர் பெற்றது அது. அதன் நிழலில் இந்தச் சிறு கட்டடம் அரண்மனையின் பக்கத்தில் வைத்த தந்தப் பேழைபோல் தோன்றும். ஆயினும் அவ்வழியே செல்வோர் அண்ணாந்து நோக்கினால், கூரையின் விளிம்பில் ஆளுயரத்தினும் பெரிய சலவைக்கல் மனிதர் வரிசையாக நிற்பதைக் காண்பர். மொத்தம் ஒன்பதின்மர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டின் பெயரால் அங்கு நிற்பவர். அவர் மனு.

நியூயார்க்கில் ஒரு நீதிமன்றத்தின் மேல் மனுவுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டால் அக்கட்டடம் முழுவதையும் படித்துவிடலாம். 'படித்தல்' என்று நான் சொல்வது வேண்டுமென்றேதான். ஆசிரியப் பயிற்சியில் எமக்கு ஒரு முறை கற்பித்தார்கள்: ஒரு பொருளைக் காட்டும்போது, கண்ணுக்குத் தெரிவது என்ன என்று மாணவனை முதலில் சொல்லச் செய், அதன் பொருள் என்ன என்பதைப் பிறகு கேள். அம்முறையையே இங்கும் கைக்கொள்வோம்.

முதலில் இது என்ன மன்றம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் 'கவுண்டி' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டவை. நம் மாவட்டத்தை ஏறக்குறைய ஒத்தது கவுண்டி. மான்ஹாட்டன் தீவு நியூயார்க்குக் கவுண்டியைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே உள்ளது பிராங்ஸ் கவுண்டி. இவ்விரு கவுண்டிகளின் மன்றங்களில் தீர்ப்பான வழக்குகள் மேல்முறையீடாக வந்து சேரும் இடமே இந்த வெண்மாளிகை. 1894ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு இத்தகைய மேல்முறையீட்டுப் பிரிவுகளை ஏற்படுத்தியது. 1896இல் அவை பணி தொடங்கின. இங்கே சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரிகள் இல்லை, குறுக்கு விசாரணையும் கண்ணீரும் இல்லை. வழக்கறிஞர் எழுந்து வாதிக்க, நீதிபதிகள் சிலர் ஒருங்கே அமர்ந்து கேட்பர். 'நடந்தது என்ன' என்பதைவிட, 'சட்டம் சொல்வது என்ன' என்பதே இங்குப் பெரிய வினா. அதனால்தான் இதனை அலங்கரிக்க வந்தவர்கள் குற்றவாளியையும் காவலரையும் செதுக்காமல், சட்டம் வகுத்தோரைச் செதுக்கினார்கள்.

கட்டடத்தை வகுத்தவர் ஜேம்ஸ் பிரவுன் லார்டு என்னும் சிற்பநூல் வல்லுநர். 1896இல் தொடங்கிய வேலை 1899இல் நிறைவெய்தியது. அதன் பிறகு மூன்றாண்டே அவர் வாழ்ந்தார். 1893இல் சிகாகோ நகரில் கொலம்பசின் நினைவாக ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. விவேகானந்த அடிகள் உரையாற்றிய சர்வசமயப் பேரவை கூடியது அக்கண்காட்சியை ஒட்டித்தான். அங்கே எழுப்பிய வெண்ணிறக் கட்டடங்களில் கட்டடக் கலைஞரும் சிற்பியரும் ஓவியரும் ஒன்றுகூடி வேலை செய்தனர். அதன் அழகைக் கண்ட மக்கள், பொதுக் கட்டடங்கள் யாவும் இனி இவ்வாறே அமைதல் வேண்டும் என்று விரும்பினர். அதே ஆண்டில் நியூயார்க்கில் தேசியச் சிற்பக் கழகம் தோன்றியது. அக்காலத்து ஊக்கத்தின் விளைவே இம்மன்றம். 7 இலட்சம் டாலருக்குள் முடிந்த மொத்தச் செலவில், சிலைகளுக்கு மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சென்றது. பதினாறு சிற்பியர் பணி புரிந்தனர். இக்காலத்தில் எந்தப் பொதுப்பணித் துறையிடமேனும் இத்தகைய மதிப்பீட்டை நீட்டினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்!

கட்டடத்துக்கு முகங்கள் இரண்டு. நீண்ட முகம் 25ஆம் தெருவை நோக்கியது, வாயிலும் அங்கேதான். ஆறு பெருந்தூண்கள் தாங்கும் முன்மண்டபம். தூண்களின் தலையில் முள்ளிலைக் கொத்துகள் சுருண்டு மலர்ந்திருக்கும். கிரேக்கர் வகுத்த தூண் வகைகளுள் கொரிந்திய வகை இது. தூண்களின் மேல் முக்கோண வடிவில் அமைந்த நெற்றி. அதனுள்ளே 'சட்டத்தின் வெற்றி' என்னும் புடைப்புச் சிற்பத் தொகுதி. அதனைச் செய்தவர் சார்லஸ் நீஹாஸ். குறுகிய முகம் மாடிசன் நெடுஞ்சாலையைப் பார்த்தது. அதற்குத் தூண்கள் நான்கு. அத்தூண்களுக்கு மேலே, மூன்றாம் அடுக்கின் உயரத்தில், நான்கு பெண்ணுருவங்கள் தூண்களாகவே நின்று மேற்கட்டைத் தாங்குகின்றன. ஏதென்சு நகர்க் குன்றின்மேல் எரெக்தியம் என்னும் கோயிலில் ஆறு கன்னியர் இவ்வாறு கூரை சுமந்து நிற்பர், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வடித்தவை அவை. அம்மரபைத் தாமஸ் ஷீல்ட்ஸ் கிளார்க் என்னும் சிற்பி இங்குக் கையாண்டு, நால்வரையும் குளிர்காலம், இலையுதிர்காலம், கோடை, இளவேனில் என நான்கு பருவங்களாக்கினார்.

வாயிற்படியின் இருபுறமும் அமர்ந்திருக்கும் இருவரைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒருவர் விரித்த நூலுடன் வீற்றிருக்கும் முதியவர். அவர் பெயர் அறிவு. மற்றவர் கவசம் அணிந்து வாளேந்திய வீரர். அவர் பெயர் வலிமை. இருவரையும் வடித்தவர் பிரெடரிக் ரக்ஸ்டல். அறிவின் அடிப்பீடத்தில், அறிவின்மேல் எழாத சட்டம் அரசுக்கே தீங்கு என்னும் கருத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வலிமையின் அடியிலோ, நேரிய சட்டத்தை மீறும்வரை வலிமையைப் பயன்படுத்தலாகாது என்பது பொறிப்பு. 'நேரிய' என்னும் ஒரு சொல்லை அங்கே வெட்டிய கை சாதாரணக் கையன்று. சட்டத்தை மீறினால் வாள் எழும் என்று எழுதியிருந்தால் அது காவல் நிலையத்துக்குப் போதும். சட்டமே நேரியதுதானா என்ற ஐயத்துக்கு வாசலிலேயே இடம் வைத்துவிட்டுத்தான் இம்மன்றம் நம்மை உள்ளே அழைக்கிறது.

உள்ளே நெடுநேரம் நிற்க நமக்குப் பொழுதில்லை. மஞ்சள் நிற இத்தாலியச் சலவைக்கல், மன்றத்தின் மேல் வண்ணக் கண்ணாடியாலான குவிமாடம், அதில் அமெரிக்கச் சட்ட அறிஞர் பலரின் பெயர்கள், சுவர்களில் சட்டத்தின் ஆற்றலையும் அறிவையும் நேர்மையையும் உருவகித்த ஓவியங்கள் இவற்றைச் சொல்லி மேலே செல்வோம். கட்டடத்தின் வெளிப்புறம் 1966இலும் உட்புறம் 1981இலும் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பெற்றன.

இனிக் கூரைக்கு வருவோம். உயரத்தில் நிற்கும் உருவத்தைச் செய்வது தனிக்கலை. கீழிருந்து நோக்கும் கண்ணுக்குத் தலை சிறுத்தும் உடல் குறுகியும் தோன்றும். முகத்தின் நுண்ணிய வேலைப்பாடு கண்ணுக்கே எட்டாது. எனவே சிற்பி உருவத்தைப் பெரிதாக்கி, ஆடையின் மடிப்புகளை ஆழமாக வெட்டி, நிழல் விழச் செய்து, வானத்தின் பின்னணியில் உருவத்தின் புறக்கோடு தெளிவாகத் தெரியுமாறு அமைத்தல் வேண்டும். நம் கோபுரங்களின் மேல்நிலைச் சுதையுருவங்களிலும் இந்த நுட்பத்தைக் காணலாம். சலவைக்கல்லுக்கு ஒரு குறையும் உண்டு. சுண்ணாம்புச் சத்துடைய கல் அது. நகரத்துப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகி அதன்மேல் படும்போது, மேற்பரப்பு ஜிப்சமாக மாறி உதிர்ந்துவிடும். கருங்கல்லில் செதுக்கிய நம் சோழர் காலப் படிமங்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் மூக்கும் முழியுமாக இருக்க, இக்கூரையில் நிற்போர் நூறு ஆண்டிலேயே முகம் மழுங்கியதற்குக் காரணம் இதுவே.

25ஆம் தெருவின் பக்கம், முக்கோண நெற்றிக்கு மேல் நடுநாயகமாக நிற்பது 'நீதி'. அதனை வடித்தவர் டானியல் செஸ்டர் பிரெஞ்ச். வாஷிங்டன் நகரில் ஆபிரகாம் லிங்கன் அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற உருவத்தைப் பிற்காலத்தில் செய்தவரும் இவரே. நீதியின் இருபுறமும் சட்டம் வகுத்தோர் நிற்கின்றனர். பாரசீகத்தின் ஜொராஸ்டர், இங்கிலாந்தின் மன்னர் ஆல்பிரட், ஸ்பார்ட்டாவின் லைகர்கஸ், கடனுக்காக மனிதனை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்த ஏதென்சின் சோலன், மரத்தடியில் அமர்ந்து ஏழைகளின் முறையீட்டைக் கேட்டதாகப் புகழப்பெறும் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, நம் மனு, சிதறிக் கிடந்த உரோமச் சட்டங்களை ஆறாம் நூற்றாண்டில் தொகுப்பித்த பேரரசர் ஜஸ்டினியன். ஆக எழுவர். மாடிசன் நெடுஞ்சாலையின் பக்கம் நடுவில் 'அமைதி'; அதன் ஒருபுறம் சீனத்தின் கன்பூசியஸ், மறுபுறம் யூதரின் மோசே. இவ்விருவரையும் சேர்த்து ஒன்பதின்மர்.

பெயர்களை உற்று நோக்குங்கள். கிரேக்கமும் உரோமும் இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்கர் தம் முன்னோராகக் கருதியவை. அவை அங்கிருப்பதில் வியப்பில்லை. ஆனால் பாரசீகமும் இந்தியாவும் சீனமும்? சட்டம் என்பது ஓர் இனத்தின் தனிச்சொத்தன்று, மனிதகுலம் முழுவதும் சேர்ந்து கட்டிய மாளிகை அது என்னும் எண்ணத்தை 1899இலேயே கல்லில் வைத்தார்கள். சிற்பியரும் பல நாட்டுப் பிறப்பினர். ரக்ஸ்டலும், கன்பூசியசை வடித்த மார்ட்டினியும் அல்சேஸ் பகுதியில் பிறந்தவர்கள். அமைதியை வடித்த கார்ல் பிட்டர் வியன்னாவிலிருந்து வந்தவர். இன்னொரு சிற்பியாகிய லோபஸ் மெக்சிகோவில் பிறந்தவர். பெருமைக்குரிய எண்ணந்தான் அது. மாணவனாயிருந்து இதனைக் கேட்டால் நான் கைதட்டியிருப்பேன். ஆசிரியனாக இருந்து பழகியதால், கைதட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது.

முதற் கேள்வி: இந்தியாவின் சார்பில் மனுவை அங்கே நிறுத்தியவர் யார்? அச்சிலையைச் செய்தவர் அகஸ்டஸ் லூக்மன். ஆனால் மனுவை மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ். கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த அவர், மனுவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1794இல் வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1772 முதலே, இந்துக்களின் குடும்ப வழக்குகளைச் சாத்திரப்படி தீர்க்க வேண்டும் என்று விதித்திருந்தனர். அதற்கு ஒரு நூல் தேவைப்பட்டது. ஊர்தோறும் குலந்தோறும் வேறுபட்ட வழக்காறுகளைத் தொகுப்பதைவிட, ஒரு நூலைக் கையில் வைத்துக்கொள்வது எளிதன்றோ? இவ்வாறு, எத்தனையோ தரும நூல்களுள் ஒன்றாயிருந்தது, ஐரோப்பியர் கண்ணில் 'இந்துக்களின் சட்டம்' ஆயிற்று. 1886இல் மாக்ஸ் முல்லரின் கீழ்த்திசைப் புனித நூல் வரிசையில் பூலரின் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. நியூயார்க்கில் சிலை வைக்கப் பெயர் தேடியவர்களுக்கு, இந்தியா என்றால் மனு என்னும் விடை ஆயத்தமாக இருந்தது.

இங்கே தமிழ் மாணவர் ஒரு பிழை செய்தல் கூடும். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அவன் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையைக் கொண்டு இருவரையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. கன்றை இழந்த பசு மணியடிக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் திருவாரூர்ச் சோழன். குற்றம் செய்தவன் யார் என்று பாராமல் தண்டம் விதித்தான் என்பதே அக்கதையின் உயிர். மனுவின் நூலோ குற்றம் செய்தவன் யார் என்பதையே முதலில் பார்க்கும். அந்தணனை வைத சத்திரியனுக்கு 100 பணம். அதே வசைக்கு வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கு உடல் தண்டனை. எட்டாம் அத்தியாயத்தில் உள்ள விதி இது. நூலில் அரசன் கடமை, சாட்சியம், எல்லைத் தகராறு, கூலி முதலியவை பற்றி நுட்பமான செய்திகளும் உண்டு; அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டம் என்பதை, எந்த நீதிமன்றத்தின் கூரைமேல் வைத்தாலும் நீதியென்று நான் ஒப்பமாட்டேன்.

என்னைவிடப் பல மடங்கு தகுதியுடைய ஒருவர் இதனைச் சொல்லியிருக்கிறார். மனுவின் சிலை அக்கூரையில் நின்றுகொண்டிருந்தபோதே, 1913ஆம் ஆண்டில், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்ற இளைஞர் ஒருவர் நியூயார்க்கு வந்திறங்கினார். அதே மான்ஹாட்டன் தீவில், அம்மன்றத்துக்கு வடக்கே நான்கைந்து மைல் தொலைவில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1916 வரை கற்றார். அவர் பீமராவ் அம்பேத்கர். பதினோராண்டு கழித்து, 1927 டிசம்பர் 25ஆம் நாள், மகாடு என்னும் ஊரில் அவர் தலைமையில் கூடிய மக்கள் மனுவின் நூலைத் தீயிலிட்டனர். பொதுக்குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக எழுந்த கிளர்ச்சி அது. பின்னர் இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்கு அவரே தலைவரானார். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது அதன் 14ஆம் பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்பது 17ஆம் பிரிவு. இந்தியாவின் சார்பில் சட்டம் வகுத்தவர் ஒருவரை இன்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், மாணவர்களே, உங்களுள் பலர் யார் பெயரைச் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். நம் நாட்டிலும் இவ்வழக்கு முடிந்துவிடவில்லை. 1989இல் ஜெய்ப்பூரில் இராஜஸ்தான் உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுவுக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு எழவே, அகற்றுவதென்று நீதிபதிகளே முடிவு செய்தனர். அம்முடிவின்மேல் வழக்குத் தொடரப்பட்டு, சிலை அகற்றப்படாமல் நின்றுவிட்டது.

இரண்டாம் கேள்வி இன்னும் கசப்பானது. கூரைமேல் இருந்த ஆசியர்க்குக் கீழே தெருவில் இடம் இருந்ததா? 1882இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் செய்தது. சீனத் தொழிலாளர் அந்நாட்டுக்குள் வருவதை அது தடுத்தது. சீனர் குடியுரிமை பெறுவதையும் மறுத்தது. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான் கன்பூசியசின் சிலை மாடிசன் நெடுஞ்சாலையை நோக்கி எழுப்பப்பட்டது. 1943இல்தான் அது நீக்கப்பெற்றது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கன்பூசியஸ் மேலே நிற்க, அவர் நாட்டுத் தொழிலாளி துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டான். மனுவின் நாட்டார் நிலையும் அதுவே. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திண்டு என்பவர் குடியுரிமை கோரினார். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 'வெள்ளையர்' என்னும் சொல் இந்தியரைக் குறிக்காது என்று தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதனை இழந்தனர். 1946இல் வந்த புதிய சட்டமே இந்தியர் குடியுரிமை பெற வழி திறந்தது. ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றும் அளந்து கொடுத்தது. அறிவின் அடிப்பீடத்திலும் வலிமையின் அடிப்பீடத்திலும் வெட்டிய எழுத்துகளை மீண்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னதனால் அச்சிலைகள் வெறும் பொய் என்று நான் கூற வருவதாக எண்ண வேண்டா. கல்லில் சொன்ன சொல் ஒரு வகையில் கடன் பத்திரம் போன்றது. எழுதியவர்களே தீர்க்க மறந்தாலும், பின்வருவோர் அதனைக் காட்டிக் கேட்கலாம். இக்கட்டடத்தின் பிற்காலக் கதை அப்படிக் கேட்டவர்களின் கதைதான்.

முதலில் கேட்டவர்கள் இசுலாமியர். தொடக்கத்தில் கூரைமேல் பதின்மர் நின்றனர். பத்தாமவராக நபிகள் நாயகம் அவர்களையும் சட்டம் வகுத்தோர் வரிசையில் சேர்த்திருந்தார்கள். பெருமை செய்யும் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாயகத்துக்கு உருவம் சமைப்பது இசுலாமிய நெறிக்கு ஒவ்வாதது. ஒருவரைப் போற்ற விரும்புவோர், அவரைப் பின்பற்றுவோர் எதனைப் போற்றுதல் என்று கருதுகிறார்கள் என்பதைக் கேட்டறியவில்லை. 1955இல் எகிப்து, இந்தோனேசியா, பாக்கிஸ்தான் ஆகிய நாடுகளின் தூதரகங்கள் அதனை எடுத்துரைத்தன; மன்றத்தார் ஏற்றுக்கொண்டு அவ்வுருவத்தை அகற்றினர். மேற்குக் கோடியில் ஏற்பட்ட வெற்றிடம் கண்ணை உறுத்தாதபடி, 25ஆம் தெருப்பக்கத்துச் சிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு பீடம் மேற்கே நகர்த்தினார்கள். நாயகத்தின் இடத்துக்கு ஜொராஸ்டர் வந்தார். கிழக்குக் கோடிப் பீடம் காலியாயிற்று. நீதிக்கு இடப்புறம் நால்வரும் வலப்புறம் மூவருமாக அவர்கள் இன்றும் நிற்பதன் காரணம் இதுவே. சிலர் இதனைச் சிற்பியின் கணக்குப் பிழை என்று எண்ணுவதுண்டு.

1990இல் மாடிசன் நெடுஞ்சாலைப் பக்கத்தில் கட்டடத்தோடு ஒரு புதிய தூண் சேர்ந்தது. ஹிட்லரின் ஆட்சியில் கொலையுண்ட மக்களின் நினைவாக ஹேரியட் பைகன்பாம் என்னும் பெண் சிற்பி வடித்தது அது. மேலே சட்டம் வகுத்தோர் நிற்க, கீழே தெருவில் நடப்போர் கண்மட்டத்தில், சட்டத்தின் பெயராலேயே நடந்த ஒரு கொடுமையை அவர் செதுக்கினார். அதன் அடிப்பகுதியில் ஆஷ்விட்சு கொலைமுகாமின் நிலப்படம் புடைப்பாக வெட்டப்பட்டிருக்கிறது. 1944 ஆகஸ்டு 25ஆம் நாள் அமெரிக்க விமானம் ஒன்று வானிலிருந்து எடுத்த புகைப்படத்தைத் தழுவியது அந்நிலப்படம். சிற்பி அப்புகைப்படத்தைத் தேர்ந்தது சிந்தனைக்குரியது. முகாம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது, படமும் பிடிக்கப்பட்டது, முகாமோ தொடர்ந்து இயங்கியது. அநீதியைக் கண்டும் வாளாவிருத்தல் நரகத்தின் வாயில் என்னும் கருத்துப்பட அங்கே எழுதியிருக்கிறது. கூரைமேல் நிற்கும் ஒன்பதாம் லூயியின் ஆட்சியில், 1242இல், பாரிசு நகரத்தில் யூதரின் தால்முத் சுவடிகள் வண்டி வண்டியாகக் கொளுத்தப்பட்டன என்பதும் வரலாறு. அவர் மேலே, இத்தூண் கீழே. ஒரே கட்டடம் இரண்டையும் சுமக்கிறது.

இன்னும் ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. தொடக்கத்தில் நான் சொன்ன பெயர்களை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். நீதி பெண், அமைதி பெண், பருவங்கள் நான்கும் பெண்கள். ஆனால் அவையெல்லாம் கருத்துகள். அவற்றுக்கு ஊர் இல்லை, வாழ்வு இல்லை. மனிதராகப் பெயர் பெற்று நிற்போர் யாவரும் ஆடவர். பாரஞ்சுமக்கப் பெண்ணுருவம் உதவிற்று. சட்டம் செய்ய உதவவில்லை. நியூயார்க்கு மாநிலத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றதே 1917இல்தான்.

2023 சனவரியில் அந்தப் பத்துப் பீடங்களுள் ஒன்றில் முதன்முறையாக ஒரு பெண்ணுருவம் ஏறி நின்றது. அதனைச் செய்தவர் ஷாசியா சிக்கந்தர். 1969இல் லாகூரில் பிறந்து, நியூயார்க்கில் வாழும் கலைஞர். எட்டடி உயரம், பொன்னிறம், தாமரையினின்று எழும் வடிவம், பின்னிய கூந்தல் ஆட்டுக்கடாவின் கொம்புகள்போல் இருபுறமும் சுருண்டிருக்கும். கழுத்தில் பின்னல் வேலைப்பாடுள்ள ஒரு பட்டை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து 2020இல் மறைந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க்கு அம்மையார், கறுப்பு அங்கியின்மேல் அணிந்துவந்த கழுத்துப் பட்டையை அது நினைவூட்டியது. சிலர் அவ்வுருவத்தை இகழ்ந்தனர், சிலர் கொண்டாடினர். நிலையாக வைக்கும் நோக்கம் இன்றி, ஒரு கண்காட்சியின் பகுதியாகச் சில காலத்துக்கென்றே அதனை அங்கு நிறுத்தினார்கள். மழையில் முகம் மழுங்கிய வெண்சலவைக்கல் முதியோர் வரிசையில், வெயில் பட்டு அது தனியே மின்னிற்று. அதற்கு அவர் இட்ட பெயர் 'இப்பொழுது'.